கலம்: களத்து மேட்டிலும் கடல் மீதும் ஒரு சொல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

உழவையும் கடலோட்டத்தையும் ஒருசேரத் தொடும் சொல் ஒன்றை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ‘கலம்’ என்பது அந்தச் சொல். தஞ்சைப் பக்கத்து உழவருக்கு அது பன்னிரண்டு மரக்கால் நெல். சங்கப் புலவருக்குக் கப்பல். குயவருக்குப் பானை. பாணருக்கு யாழ். மணப்பெண்ணுக்கு நகை. கல்வெட்டு படிப்பவருக்கு ஒரு நூற்றாண்டாகத் தீராத வழக்கு. இலங்கையில் உயிரியல் படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு உடலின் மிகச் சிறிய அலகு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு சொல்லின் வேரைத் தோண்டுவதற்கு முன் அது எந்த இடத்தில், எந்தச் சொற்களோடு சேர்ந்து என்ன வேலை பார்த்தது என்று பார்க்க வேண்டும். வேர் பலவற்றை விளக்கும்; ஆனால் ஒரு குறிப்பிட்ட வரியில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்ல வேர் மட்டும் போதாது. இந்தக் கருத்துக்குக் கலம் என்ற சொல்லைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் பானை

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில், முகத்தல் அளவையும் நிறுத்தல் அளவையும் குறிக்கும் பெயர்கள் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்று ஒரு நூற்பா சொல்கிறது. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது எழுத்துகள். உரையாசிரியர்கள் முகத்தல் அளவைக்குத் தரும் எடுத்துக்காட்டுகளை வரிசையாகப் பாருங்கள்: கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு. சாடி, பானை, அகல் ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டாம். தூதை சிறு மட்பாண்டம். மண்டை இரவலர் கையில் ஏந்தி உண்ணும் பாத்திரம். வட்டி கடகம் போன்ற பெட்டி. ஏறக்குறைய முழுப் பட்டியலும் ஒரு வீட்டின் அடுக்களையிலிருந்து எடுத்துவைத்ததாக இருக்கிறது. அளவைக்கென்று தனிச் சொல் படைக்காமல், எதில் அள்ளினார்களோ அதன் பெயரையே அளவுக்கும் வைத்தார்கள் என்பது இதில் வெளிப்படை.

புறநானூற்றில் குயவரை விளிக்கும்போது ‘கலம் செய்கிறவரே’ என்றுதான் புலவர் அழைக்கிறார். 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது அவ்வாறு விளித்து, அவனைக் கவிக்கும் அளவுக்குத் தாழி செய்ய உன்னால் ஆகுமா என்று கேட்கிறார். 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். சோறாக்கும் கலமும் அவர் கையால்தான், கடைசியில் மூடும் கலமும் அவர் கையால்தான்.

திருக்குறளில் இச்சொல் சுடாத பச்சை மண் பாண்டமாகவும் (660), நல்ல பாலைத் திரித்துவிடும் அழுக்குப் பாத்திரமாகவும் (1000) வருகிறது. நன்மக்களைப் பெறுவதும் (60) கண்ணோட்டமும் (575) அணிகலம் ஆகின்றன. கப்பலைச் சொல்ல வேண்டிய இடத்தில் வள்ளுவர் ‘நாவாய்’ (496) என்று வேறு சொல்லை எடுக்கிறார். இதிலிருந்து வள்ளுவருக்குக் கலம் என்றால் கப்பல் என்று தெரியாது என முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு நூலில் ஒரு பொருள் இல்லை என்பது அந்தக் காலத்திலேயே அது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. மலையாளத்தில் கலம் என்றால் இன்றும் பானைதான்.

களத்து மேட்டில்

இனி நெல்லுக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளில் காணும் முகத்தல் வாய்பாடு இது. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆக ஒரு கலம் என்பது 12 குறுணி, அதாவது 96 நாழி. குறுணிக்கே மரக்கால் என்றும் பெயர். நாழியும் உரியும் சேர்ந்தால் ‘நாடுரி’ ஆகும் என்று தொல்காப்பியம் தனியாகப் புணர்ச்சி விதி சொல்கிறது. கடைத்தெருவில் அன்றாடம் புழங்கிய ஒரு தொடருக்காக இலக்கணத்தில் ஒரு நூற்பா ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அளவை எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும்!

இந்த வாய்பாடு நூலோடு நின்றுவிடவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகர் இருக்கிறார். விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி அரிசியில் அவருக்கு ஒரே பெரிய கொழுக்கட்டை படைப்பதால் வந்த பெயர் அது. குறுணி என்றால் எவ்வளவு என்று கேட்டால் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விழிப்பார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘உழக்கிலே கிழக்கு மேற்கா’ என்ற பழமொழியைச் சொல்கிறவர்களும் உழக்கைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கலம் என்ற சொல் கணக்கில்லாமல் வருகிறது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்கள் செலுத்த வேண்டிய நெல் வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம். எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் கல்வெட்டு விடாமல் சொல்கிறது: ஆடவல்லான் என்னும் மரக்கால்; அது இராசகேசரி என்னும் அளவோடு ஒக்கும். அளவு கருவிக்கு இறைவன் பெயர் ஏன்? ஊருக்கு ஊர் மரக்கால் வேறு. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று இருவகை வைத்துக்கொள்வது பழைய தந்திரம். அதற்கு இடம் கொடுக்காமல், இன்ன மரக்கால் என்று கல்லில் வெட்டிப் பெயரிட்டு நிறுத்தியது அரசு. கலம் எவ்வளவு என்பது மரக்காலைப் பொறுத்தது; மரக்கால் யாருடையது என்பதில் ஆட்சியின் கை இருந்தது.

காவிரிப் படுகையில் இந்தச் சொல் நெடுங்காலம் புழங்கியது. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று நிலத்தையும், மாவுக்கு இத்தனை கலம் என்று விளைச்சலையும் குத்தகையையும் பேசினார்கள். இரண்டு கலம் ஒரு மூட்டை. அதாவது 24 மரக்கால். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார். ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். பிறகு இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை போகும். பன்னிரண்டு முடிந்தால் ஒரு கலம். மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதில் கூலி வாங்குகிறவரின் ஒருவேளைச் சோறு அடங்கியிருந்தது.

1956இல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மரக்கால் போய் லிட்டரும், மூட்டை போய்க் கிலோவும் குவிண்டாலும் வந்தன. ஒரே நாட்டுக்கு ஒரே அளவு என்பது நன்மையே. இராசராசன் ஆடவல்லான் மரக்காலைக் கொண்டு செய்ததும் அதைத்தான். ஆனால் அளவோடு ஒரு சொல்லும் அதைச் சூழ்ந்த சொற்களும் களத்து மேட்டைவிட்டு இறங்கிவிட்டன.

கடல் மீது

இதே சொல் கடலில் என்ன செய்தது? அகநானூறு 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறித் துறைமுகத்தைச் சொல்கிறார். யவனரின் வேலைப்பாடு மிக்க கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. புறநானூறு 343இல் பரணர் அதே முசிறியை இன்னும் அருகில் போய்க் காட்டுகிறார். மீனை விற்று வாங்கிய நெல் குவிந்து கிடக்கிறது. மிளகு மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கலம் கொண்டுவந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணிகள் கரை சேர்க்கின்றன. இங்கே கலம் வேறு, தோணி வேறு. கலம் ஆழ்கடலுக்கு உரியது, கரை வரை வராது. தோணி ஆழமில்லாத நீருக்கு உரியது. பாட்டில் ஓர் அலங்காரத்துக்காக இரண்டு சொல் போடவில்லை. துறைமுகத்தில் சரக்கு எப்படி இறங்கியது என்பதே அதில் இருக்கிறது. நெல்லும் கலமும் ஒரே பாட்டில் நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பிய உரைகளில் பொருள் தேடித் தலைவன் பிரிவதைக் காலில் பிரிவு, கலத்தில் பிரிவு என்று இரண்டாகப் பகுக்கிறார்கள். தரைவழிப் பயணம் முழுவதையும் ‘கால்’ என்ற சொல்லும், கடல்வழிப் பயணம் முழுவதையும் ‘கலம்’ என்ற சொல்லும் தாங்குகின்றன.

‘கலங்கரை விளக்கம்’ என்ற தொடர் சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. இதைக் கலத்துக்குக் கரையைக் காட்டும் விளக்கு என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள். பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் சொல்வது வேறு. திசை தெரியாமல் ஓடும் கலங்களை அழைப்பதற்கு இட்ட விளக்கு என்கிறார். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெளிச்சம். நடுக்கடலில் திகைத்து நிற்கிறவனுக்கு அது குரல். சொல்லைப் பிரிக்கும் விதத்தில் பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கு வகுப்பறையில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1025ஐ ஒட்டி முதலாம் இராசேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பினான். அவன் மெய்க்கீர்த்தி கடலின் நடுவே பல கலங்களைச் செலுத்தியதாகச் சொல்கிறது. அந்த மெய்க்கீர்த்தியைத் தலையில் தாங்கிய கல்வெட்டுகளிலேயே கோயில் நெல்லும் கலக் கணக்கில் வரும். படித்தவர் எவரும் குழம்பியிருக்க மாட்டார். ‘செலுத்தி’ என்று வந்தால் கப்பல். ‘நெல்’ என்று வந்தால் அளவு. பக்கத்துச் சொல் வழிகாட்டிவிடும்.

கப்பல் என்னும் பொருளில் இச்சொல் மக்கள் பெயரிலும் ஏறியிருக்கிறது. மரக்காயர் என்ற பெயர் மரக்கலராயர் என்பதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லோடு இணைப்பது இன்னொரு கருத்து. இரண்டில் எதைக் கொண்டாலும் பெயருக்குள் கப்பல் இருக்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களைப் பேச்சு வழக்கில் ‘மரக்கல’ என்று சொல்வதுண்டு. கடல் கடந்து வணிகம் செய்தவர்களைக் கரையில் நின்றவர்கள் அவர்களுடைய ஊர்தியின் பெயராலேயே அடையாளம் கண்டார்கள்.

இரண்டும் ஒன்றானது எப்படி?

நெல் அளக்கும் அளவுக்கும் கடலோடும் கப்பலுக்கும் ஒரே பெயர் எப்படி அமைந்தது? கல்லுதல் என்றால் தோண்டுதல், குடைதல். அதிலிருந்து குடைவான பொருளுக்குக் கலம் என்று பெயர் வந்ததாகக் கொள்வது ஒரு விளக்கம். தோண்டப்பட்டதால் தோணி என்று தேவநேயப் பாவாணர் போன்றோர் சொன்னதும் இந்த வழிப்பட்டதே. ஒலி வழியில் இது பொருந்துகிறது. ஆனால் பொருள் வழியிலும் சான்று வேண்டும். அதற்குப் பிற மொழிகளைப் பார்க்கலாம்.

வடமொழியில் துரோணம் என்பது மரத்தொட்டி. அதுவே தானியம் அளக்கும் ஓர் அளவு. துரோணி என்றால் தொட்டி, ஓடம். தொட்டி, அளவு, படகு என்ற மூன்றும் அங்கேயும் ஒரு குடும்பமாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘வெஸல்’ என்பது பாத்திரத்துக்கும் பெயர், கப்பலுக்கும் பெயர். ஐரோப்பாவில் மது ஊற்றிவைத்த பெரிய மரப்பீப்பாய்க்கு ‘டன்’ என்று பெயர். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் ஏற்றும் என்பதே அதன் அளவாக இருந்தது. அங்கிருந்துதான் இன்று நாம் சொல்லும் டன் கணக்கு வந்தது. ஒன்றோடொன்று உறவில்லாத இடங்களிலும் மனிதர் ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள். உள்ளே இடமுள்ள பொருளுக்கு ஒரு பெயர். அதில் தானியம் நிறைந்தால் அளவு. அதில் ஆளும் சரக்கும் ஏறி நீரில் மிதந்தால் கப்பல்.

யாழுக்குக் கலம் என்று பெயர் வந்ததும் இந்த வழியில் புரிகிறது. யாழின் அடியில் பத்தர் என்னும் குடைவான பகுதி உண்டு. இசை அங்கேதான் நிறைகிறது. நகைக்கு வந்த பெயரை மட்டும் குடைவு கொண்டு விளக்க முடியாது. பாத்திரம் என்ற பொருள் முதலில் ‘வீட்டில் வைத்துக் காக்கும் சாமான்’ என்று விரிந்து, பிறகு ‘மதிப்புள்ள பொருள்’ என்றாகி, கடைசியில் அணிகலன் ஆகியிருக்க வேண்டும். சங்கப் பாடல்களில் மன்னர் பரிசாகத் தரும் ‘நன்கலம்’ இந்த நடுப்படியைக் காட்டுகிறது.

ஒலி ஒன்று, சொல் வேறு

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்தால் உறவு என்று கிளம்பினால் ஊரையே சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

நெல் அடிக்கும் ‘களம்’ வேறு. ளகரம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. களத்தில் கலத்தால் அளந்தார்கள் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. துணியில் எழுதி வண்ணம் தீட்டும் கலம்காரியில் உள்ள ‘கலம்’ எழுதுகோலைக் குறிக்கும் அரபு, பாரசீகச் சொல். கப்பலில் ஏறி உலகெங்கும் போன துணி என்றாலும் அந்தக் கலத்துக்கும் மரக்கலத்துக்கும் தொடர்பு கிடையாது. ‘கலசம்’ இருக்குவேதத்திலேயே உள்ள சொல். பார்வைக்குக் கலத்துக்கு உறவினர் போல இருக்கிறது; அறிஞர்களிடையே ஒத்த முடிவு இல்லாததால் அந்த அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

கலப்பை என்ற சொல் இன்னும் சுவையானது. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுக் கொட்டிலில் சுவரோடு சார்த்தி வைத்திருக்கும் கலப்பை வருகிறது; அது நாம் அறிந்த ஏர்க்கருவி. புறநானூறு 206இல் அதியமான் வாயிலில் கோபித்து நிற்கும் ஔவையார் சொல்லும் கலப்பையோ இசைக்கருவிகளை இட்டுவைக்கும் பை. கலம், பை என்று பிரியும். எழுத்து அப்படியே ஒன்று. ஔவையார் ஏரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பாட்டில் பக்கத்தில் நிற்கும் சொற்கள் அப்படிச் சொல்லவிடா.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான பெரிபுளூஸ், தமிழகக் கீழைக் கரையில் இருந்த மரக்கலங்களைப் பற்றிப் பேசுகையில் ‘சங்கரா’, ‘கொலந்தியா’ என்று இரண்டு பெயர்களைத் தருகிறது. சங்கரா என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டும் சங்காடம் என்று கொள்ளப்படுகிறது. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் போன பெரிய கப்பலான கொலந்தியாவைத் தமிழ்க் கலத்தோடு இணைக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் தென்கிழக்காசியக் கப்பல்களுக்குச் சீனர் வழங்கிய குன்லுன் என்ற பெயரோடு அதை இணைத்து வலுவான விளக்கம் வந்திருக்கிறது. நமக்கு ஒரு பெருமை குறையும் என்பதற்காக அதை மறைத்துவிட முடியாது. மலாய் மொழியில் கப்பலுக்கு ‘கபால்’ என்று பெயர். அது தமிழிலிருந்து போனது. ஐயமில்லாமல் நம்முடையது இப்படி இருக்க, ஐயமுள்ளதற்கு ஏன் சண்டை?

காந்தளூர்ச் சாலை

இப்போது அந்தப் பழைய வழக்குக்கு வருகிறேன். 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ என்ற சிறப்பைப் பெற்றுவிட்டான். காந்தளூர்ச் சாலை இன்றைய திருவனந்தபுரத்தில் வலியசாலைப் பகுதியில் இருந்ததாகப் பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. கலமறுத்தல் என்றால் என்ன?

காந்தளூர்ச் சாலையில் சேரரின் கப்பல்களை அழித்தான் என்பது ஒரு தரப்பு. சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் இந்தப் பக்கம். முதலாம் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி இந்தச் சாலையைக் கடல் சார்ந்ததாகச் சொல்வது இவர்களுக்குத் துணை. சாலை என்பது உண்டியும் கல்வியும் தந்த அறநிலையம், அங்கே கப்பலுக்கு என்ன வேலை என்பது மறுதரப்பு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘காந்தளூர்ச் சாலை’ என்று தனி நூலே எழுதும் அளவுக்கு இந்தச் சிக்கல் அறிஞர்களை இழுத்திருக்கிறது.

நான் பெரிதாக மதிக்கும் சான்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தைப் பற்றிய ஒரு செப்பேடு. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயில் எழுப்பி, காந்தளூரின் முறையைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். சட்டர் என்பவர் அங்கே தங்கிக் கற்ற வேத மாணவர். அந்தச் செப்பேடு இடங்களைச் சரணம் என்னும் வேதப் பிரிவுவாரியாகப் பங்கிடுகிறது: பவிழிய சரணத்தார்க்குக் கலம் 45, தயித்திரிய சரணத்தார்க்குக் கலம் 36, தலவகார சரணத்தார்க்குக் கலம் 14. கூட்டிப் பாருங்கள், 95. ஆள் கணக்கும் கலக் கணக்கும் ஒன்றாகப் பொருந்துகின்றன. இங்கே கலம் என்பது கப்பலாக இருக்க வழியில்லை. நெல் அளவாகவும் இருக்க முடியாது. ஒருவர் உண்ணும் கலம், அதன் வழியாகச் சாலையில் அவருக்கு உரிய ஓர் இடம். இன்று ஒரு விடுதியில் இத்தனை இலை என்று பந்திக் கணக்குச் சொல்வது போன்றதே.

காந்தளூரை முன்மாதிரியாகச் சொல்லும் ஓர் ஆவணத்தில், சாலை என்ற சொல்லின் பக்கத்திலேயே, கலம் இந்தப் பொருளில் நிற்கிறது. அறுத்தல் என்பதற்கு வெட்டுதல் மட்டுமே பொருளாகாது. வரையறுத்தல், அறுதியிடுதல் என்றும் ஆளுகிறோம். சாலையின் இடங்களை வெட்டினான் என்றோ, அவற்றை யாருக்கு எத்தனை என்று தானே வரையறுத்து அதிகாரத்தை நிறுவினான் என்றோ கொள்ளலாம். இராசராசனுக்குப் பின் இராசாதிராசனும் முதல் குலோத்துங்கனும் இதே செயலைத் தங்கள் சிறப்பாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே இடத்தில் தலைமுறைதோறும் கப்பலை அழித்தார்கள் என்பதைவிட, ஒரு நிலையத்தின் மேலுள்ள உரிமையைத் தலைமுறைதோறும் நிலைநாட்டினார்கள் என்பது இயல்பாகப் பொருந்துகிறது. சாலையோடு சேர்ந்து வரும் கலம் கப்பலாகாது. கடாரத்தோடு சேர்ந்து வரும் கலம் கப்பலே. இது என் தீர்ப்பு. மாறான சான்று வந்தால் வழக்கைத் திரும்ப எடுக்கத் தடையில்லை.

இன்றைய கலம்

வயலிலிருந்தும் கடலிலிருந்தும் இறங்கிய இந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடித் துறையில் தோணி என்கிறார்கள், வள்ளம், விசைப்படகு, கப்பல் என்கிறார்கள். கலம் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாளிதழ்கள் விண்கலம் என்று எழுதின. மின்கலம் நம் பாடநூல்களில் இருக்கிறது. தமிழ்நாட்டு உயிரியல் நூல்கள் ‘செல்’ என்று எழுதும் இடத்தில் இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்று எழுதுகின்றன. கலச்சுவர், கலமென்சவ்வு என்று அதன் கிளைகளும் அங்கே தழைத்திருக்கின்றன. குருதியோடும் குழாய்க்குக் குருதிக்கலன் என்று பெயர்.

துறைமுகங்களில் அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கொள்கலன் என்கிறோம். இன்று உலகத்துச் சரக்குக் கப்பல்களின் பெருமை எதைக் கொண்டு சொல்லப்படுகிறது? இருபது அடிக் கொள்கலன் எத்தனை ஏற்றும் என்பதைக் கொண்டுதான். பீப்பாய் கப்பலுக்கு அளவானது போல, பானை நெல்லுக்கு அளவானது போல, பெட்டி இன்று கப்பலுக்கு அளவாகியிருக்கிறது. கொள்வது அளவாகும் என்ற பழைய விதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நான் இதுவரை சொன்னவற்றுக்குச் சான்று ஓலையிலும் கல்லிலும் செப்பேட்டிலும் இருந்தது. எழுத்தில் ஏறாத பங்கு இதைவிடப் பெரியது. லாபம் என்று எண்ணத் தொடங்கிய அளவுகாரர், மரக்காலுக்கு இரும்புப் பூண் கட்டிய கொல்லர், தோணியின் தண்டல், பாய் தைத்தவர், கட்டுமரத்துக்கு மரம் தேர்ந்தவர் என இவர்கள் வாயில் இருந்த சொற்களில் அகராதிக்குள் வந்தவை கொஞ்சம். 1958க்கு முன் மரக்காலில் அளந்து பழகியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். விசைப்படகு வருவதற்கு முன் பாய் விரித்துக் கடலுக்குப் போனவர்களும் அந்த வயதினரே.

ஆய்வுத் தலைப்புக்காக அலையும் மாணவர்கள் ஒரு வட்டத்தையோ ஒரு கடற்கரை ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் எழுதிவராமல், அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தையும், அதைச் சொன்னபோது கையில் இருந்த கருவியையும், அதன் அளவையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவு இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. காந்தளூர்க் கலத்துக்கு ஒரு செப்பேட்டின் மூன்று எண்கள் வெளிச்சம் தந்தன; நீங்கள் எழுதிவைக்கும் ஒரு வாக்கியம் நாளை வேறொரு சொல்லுக்கு அதைச் செய்யும். வேரை ஆராய்வதற்கு இன்னும் நூறு ஆண்டு பொறுக்கலாம். வழக்கைப் பதிவு செய்ய அவ்வளவு காலம் நமக்கு இல்லை. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.